கிற்றார் விற்பதற்கு ஒரு சாவு

மகளுக்கு,

அன்புள்ள என்று தொடங்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வான்கூவருக்கு வேலை மாறிப் போவதைப் பற்றி நீ அனுப்பிய மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தேன். எந்தக் கிழமை புறப்படுகிறாய், வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாய் என்றெல்லாம் விபரமாக எழுதியிருந்தாய். கடைசி வரியில், "வெப்சைற்றை மட்டும் மாற்ற வேண்டாம் அப்பா, அந்தப் பக்கத்தால்தான் ஓடர் வருகிறது" என்று போட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். ஆங்கிலத்தில் எனக்குக் கோபப்படத் தெரியாது. தமிழை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். நல்லது, மெதுவாகவே வாசி. இதன் பிரதி ஒன்றை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். நம் இருவரின் பெயரும் அதில் இராது. நீ எல்லோரும் வாசிக்கும்படிதானே எழுதினாய்? பதிலையும் எல்லோரும் வாசிக்கட்டும்.

இந்தக் கிற்றார்களைச் செய்பவர் இலங்கைப் போரில் தன் ஒரே தம்பியை இழந்தவர் என்றும், அந்தத் துயரம் ஒவ்வொரு கிற்றாரிலும் ஒலிக்கிறது என்றும் அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே உன் சித்தப்பாவின் முழுப் பெயர். கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்புகள் திருத்தும் கடைக்கு முன்னால் அவன் சிரித்தபடி நிற்கும் படம். இதை நீ போட்டபோது, சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று உனக்கு யார் சொன்னது? தை மாதம் கடைசியாக எங்களோடு கதைத்தான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. முகாமில் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருக்கலாம். எங்காவது பிடித்து வைத்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நீ ஒரு செத்தவீட்டையே நடத்தி முடித்துவிட்டாய்.

என் கிற்றாரில் துயரம் ஒலிப்பதாக எழுதினாயே, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பதினைந்து வருடமாக நான் செய்வது ஜிப்சிகள் வாசிக்கிற கிற்றார். அதன் ஒலி வறண்டிருக்கும், மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், பக்கத்தில் ட்றம் இல்லாமலே ஒரு கூட்டத்தை ஆட வைக்கும். ஏன் அப்படி ஒலிக்கிறது தெரியுமா? மேற்பலகை மெல்லியது. உள்ளே தாங்குசட்டங்கள் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையைச் சூடு காட்டி இலேசாக மடித்திருப்பேன். அந்த மடிப்பு சரியாக விழுவதற்கு முன் எட்டுப் பலகைகளை வெடிக்க வைத்தேன். என் கிற்றாரில் இருப்பது அந்த எட்டுப் பலகைகள். துயரம் இல்லை. ஒரு மனிதன் சொந்தமாகப் படித்துப் பிடித்த வேலையை எடுத்து அதன்மேல் சாம்பல் பூசி விற்க உனக்கு யார் உரிமை தந்தது?

யார் தந்தது என்று பல நாட்கள் யோசித்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் லொறிகளுக்கு மரத்தில் பொடி, அதாவது பின்பெட்டி, அடித்தவன். கனடாவுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். சனிக்கிழமைகளில் அங்கே வாசிக்க வரும் ஜிப்சி ஒருவரின் கிற்றார்மேல் யாரோ குடிகாரன் உட்கார்ந்து நொறுக்கிவிட்டான். சமையலறை மேசையில் வைத்து, பசையும் தக்கையும் கயிறும் கொண்டு அதை நான் பொருத்திக் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார். அவ்வளவுதான் என் படிப்பு. ரொறொன்ரோவுக்கு வந்து, அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் பகல் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கராஜில் கிற்றார் செய்யத் தொடங்கினேன். அளவு கேட்டுப் பிரான்ஸில் இருக்கிற ஒருவருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. சரி, நானே பார்க்கிறேன் என்று டவுன்ரவுனில் ஒரு கிற்றார்க் கடைக்குப் போனேன். விலையான கிற்றார் ஒன்றை மடியில் வைத்து, பல் வைத்தியர்கள் பாவிக்கிற சின்னக் கண்ணாடியை அதன் வாய்க்குள் விட்டு, தாங்குசட்டங்களை எண்ணினேன். கடைக்காரன் பின்னால் வந்து நின்றான். பெயர் கிளைவ்.

"எந்தப் பல்லில் வலியாம்?" என்று கேட்டான்.

திருடன் என்று பிடிக்கப் போகிறான் என்று பயந்தேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "செய்து முடித்தால் கொண்டு வா" என்றான். ஒரு வருடம் கழித்துக் கொண்டு போனேன். வாசித்தான். இன்னொருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னான். பிறகு உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தான். அதில் என் பெயரை முழுசாக, அப்பாவின் பெயரோடு எழுதியிருந்தேன்.

"இந்தப் பெயரோடு இது விற்காது" என்றான். கெட்டவன் இல்லை அவன். உள்ளதைச் சொன்னான். இந்தக் கிற்றாரை வாங்குகிறவர்களை உலகம் முழுவதும் சேர்த்தாலும் ஒரு சின்ன ஊருக்குத்தான் காணும். ஒருவர் வாங்கினால் மற்றவர்களுக்கு அன்றைக்கே தெரியும். அவர்கள் முதலில் கேட்பது ஒலியைப் பற்றி அல்ல. யாரிடம் பழகினார், அவர் யாரிடம் பழகினார், பட்டறை எந்த ஊரில் என்றுதான் கேட்பார்கள். பாரிஸில் கோப்பை கழுவினேன் என்பது அவர்களுக்கு விடை அல்ல. கிளைவ் என் லேபிளை உரித்தான். "பாரிஸ் முறை" என்று அச்சடித்த ஒன்றை ஒட்டினான். செய்தவர் வயதானவர், ஆட்களைச் சந்திக்க விரும்பாதவர் என்று வாங்குகிறவர்களுக்குச் சொன்னான். அவர்கள் தாங்களாகவே ஒரு பிரெஞ்சுக் கிழவரை நினைத்துக்கொண்டார்கள்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வருடம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கிற்றாரிலாவது உள்ளே மறைவான ஓர் இடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கராஜில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வாய். ஒரு நாள் அந்த லேபிளை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்பா, இது பாரிஸில செய்ததோ?" என்று கேட்டாய். "ஓம், சும்மா ஒட்டுறது பிள்ளை. அப்பிடி ஒட்டினாத்தான் ஆக்கள் வாங்குவினம்" என்றேன். அன்றைக்கு நீ தலையை ஆட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாய். நான் உனக்கு வேறு எதையும் உருப்படியாகச் சொல்லித் தரவில்லை. இதை மட்டும் நன்றாகச் சொல்லித் தந்திருக்கிறேன்.

பிறகு நீ விளம்பர வேலைக்குப் போனாய். போன வருடம், "இனி கிளைவும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். உங்கட பேரிலயே விப்பம்" என்று வெப்சைற் செய்தாய். லேபிளில் என் பெயரை முதல் தரம் அச்சில் பார்த்தபோது அம்மா அதை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த நன்றி எனக்கு இல்லை என்று நினைக்காதே. ஆனால் ஓடர் வரவில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம், ஒருவர்கூட எழுதவில்லை. "ஸ்ரோறி இல்லாமல் சேல் இல்லை அப்பா" என்றாய். நான் ஏதோ படம் எடுத்துப் போடுவாய் என்று நினைத்தேன். அப்போதுதான் சண்டை முடிந்தது. நீ அந்த நாட்களில் லீவு போட்டுவிட்டு, போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் வீதியில் நின்றாய். கத்திக் கத்திக் குரல் போய், வீட்டில் எழுதிக் காட்டிப் பேசினாய். உனக்கு இரக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். வீதியில் அப்படி நின்றவள், அதே கிழமையில், அதே கையால் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறாய்.

ஓடர்கள் வரத் தொடங்கின. ஏன் வருகின்றன என்று எனக்குத் தெரியாது. வேலை பிடித்துப்போய்விட்டது என்று நம்பினேன், முட்டாள். ஒரு சனிக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து ஒருவர் காரோட்டிக்கொண்டு ரூஜில் உள்ள நம் வீட்டுக்கே வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கராஜில் ஸ்ரூலில் உட்கார்ந்து, புதிதாக முடித்த கிற்றாரை எடுத்து வாசித்தார். என் கிற்றாரை அப்படி ஒருவர் வாசித்து நான் கேட்டதில்லை. முன்னால் இருந்த சுத்தியல் மேசையில் அதிர்ந்தது. முடித்துவிட்டு எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "உங்கள் தம்பியின் மரணத்துக்கு வருந்துகிறேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என் தம்பி செத்ததாக ஒரு செய்தியும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டினேன். இந்தக் கிற்றார் இவர் கையில்தான் போய்ச் சேரவேண்டும் என்ற ஆசை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லாததும் உண்மை. அவர் கிற்றாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நீ எழுதினாய், நான் தலையாட்டினேன். இதில் உனக்கும் எனக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாம். அன்று பின்னேரம் உன்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். "பாக்கிறன் அப்பா" என்றாய். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நீ எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதால் நடந்ததை இனிக் கேள்.

சித்தியின் மூத்தவள் தினமும் கம்ப்யூட்டரில் தகப்பனின் பெயரை அடித்துத் தேடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். முகாம்களின் பட்டியல்கள் எங்காவது வருகின்றனவா என்று பார்க்கிறாள். பத்து நாட்களுக்கு முன் அவள் அந்தப் பெயரை அடித்தபோது முதலில் வந்தது உன் பக்கம். சித்தி எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, ஒருக்கா வாங்கோ" என்று மட்டும் சொன்னாள். யூனியன்வில்லில் அவளிருக்கும் பேஸ்மென்றுக்கு ஓடினேன். வேலைக்குப் போகும் உடுப்போடு, கைப்பையைத் தோளில் மாட்டியபடி கதவடியில் நின்றாள்.

"எப்பயிருந்து தெரியும் உங்களுக்கு?"

"என்ன பிள்ளை தெரியும்?"

"வெள்ளைக்காரருக்கெல்லாம் படத்தோட சொல்லியாச்சு. எனக்குத்தான் சொல்லேல்லை."

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. எங்களுக்கு ஒரு செய்தியும் வரேல்லை."

"என்ர அப்பா செத்தப்பவும் நீங்கள் இதைத்தானே சொன்னனீங்கள்."

அது உனக்குத் தெரியாத கதை. சித்தப்பா ஊரிலேயே நிற்க, சித்தி பிள்ளைகளோடு இங்கே வந்த அடுத்த வருடம் அவளின் தகப்பன் ஊரில் இறந்துபோனார். அவளுக்கு ஒப்பரேஷன் நடந்து நாலைந்து நாள். நெஞ்சு தாங்காது, இப்போது சொல்லக்கூடாது என்று எல்லோரையும் அடக்கியவன் நான். வீட்டுக்கு வந்தவர்களின் வாயைக் கட்டினேன். அப்பா எப்படி என்று அவள் கேட்டபோதெல்லாம் சுகமாக இருக்கிறார் என்றேன். முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்த பிறகுதான் சொன்னோம். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அதை அன்பு என்று நினைத்துச் செய்கிறோம். இப்போது நான் உண்மையைச் சொல்லும்போது, மறைக்கிறவர்கள் சொல்கிற அதே வார்த்தைகள்தான் என் வாயிலும் வருகின்றன. அவள் எப்படி நம்புவாள்?

"பொட்டை அழிக்கிறதோ விடுறதோ? அதை மட்டும் சொல்லுங்கோ, அண்ணை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

அப்போதுதான் உனக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். சித்தி பக்கத்தில் நிற்கிறாள் என்று உனக்குச் சொல்லவில்லை. தெரியாமல் நீ பேசினால்தான் அவள் நம்புவாள் என்று கணக்குப் போட்டேன். சித்தப்பா செத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்பா, நான் மீற்றிங்கில நிக்கிறன். ஒருத்தரும் சொல்லேல்லை, நான் அசியூம் பண்ணினன்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாருக்கும் தெரியும்தானே அப்பா. சித்தப்பா இனி எங்க? உங்களுக்கும் தெரியும். நீங்கள் சொல்லுறியள் இல்லை, அவ்வளவுதான்" என்றாய்.

அதை உன் சித்தி நின்று கேட்டாள். இது இன்றுவரை உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

அவள் அழவில்லை. கைப்பையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அப்ப அவளுக்கும் ஒண்டும் தெரியாது" என்றாள். பிறகு, "அண்ணை, அவள் எழுதினது உண்மையாப் போனா வாழ்நாளுக்கும் அவளைப் பாக்கமாட்டன். பொய்யாப் போனா அவரையும் கூட்டிக்கொண்டு வந்து அவளுக்குக் காட்டிச் சிரிப்பன். இப்ப எனக்கு ரெண்டும் ஏலாமக் கிடக்கு" என்றாள். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பொட்டு இருந்தது.

நீ போனில் சொன்னது பொய் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்குள்ளும் அந்த நினைப்பு வந்து வந்து போகிறது. வருகிறபோது எழும்பிப் போய் ஏதாவது பலகையை இழைக்கிறேன். ஆனால் அது எங்கள் நினைப்பு. அவனின் சாவை அறிவிக்க உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்கும் முறையும் இருக்கிறது. யாரோ ஒருவர் கண்டிருக்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும். அவள் முதலில் கேட்க வேண்டும். கிற்றார் பிடிக்கிற அந்தச் சின்ன ஊரில் உள்ள ஒவ்வொருவனும் என் தம்பிக்கு அஞ்சலி செலுத்திய பிறகு, அவன் மனைவி அதைக் கம்ப்யூட்டரில் வாசிக்கக்கூடாது. பன்னிரண்டு வருடம் அவர்களுக்கு ஒரு பிரெஞ்சுக் கிழவர் தேவைப்பட்டார். இப்போது ஒரு செத்த தம்பி தேவைப்படுகிறான். கிற்றார் நல்லதா என்று மட்டும் கேட்டு வாங்க இவர்களுக்கு என்ன கேடு? நாம் ஏன் அவர்கள் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் பிறகு ஓடர் தந்த ஒவ்வொருவருக்கும் என் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். என் தம்பியைக் காணவில்லை, தேடுகிறோம், இறந்ததாக எழுதியது பிழை, அதற்காக வாங்குவதானால் வேண்டாம் என்று எழுதினேன். இருவர் வேண்டாம் என்றார்கள். ஒருவர், அப்படியானால் கிற்றாராவது விபரத்தில் சொன்னபடி வருமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், ஒலிக்காகத்தான் கேட்டேன், வேலையைப் பாருங்கள் என்று ஒரே வரியில் எழுதினார். அவருடையதை முதலில் செய்வேன். அந்த வாத்தியாருக்கு நான் தலையாட்டியதையும் எழுதினேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. பக்கத்தை மட்டும் என்னால் எடுக்க முடியாது. அதன் கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அதை எடு. எடுத்தாலும் விற்கும், எடுத்தால் விற்காது என்றெல்லாம் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். விற்காவிட்டால் அலுமாரி செய்கிறேன்.

அத்தோடு முடிந்ததென்று நினைக்காதே. போன ஞாயிறு மறுபடியும் சித்தியிடம் போனேன். உனக்காக மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அதை நீதான் கேட்கவேண்டும். அவள் மேசையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற ஓர் அமைப்பு கொடுத்தது, ஐந்து பக்கம், எல்லாம் ஆங்கிலம். கடைசியாக எங்கே கண்டது, என்ன உடுத்தியிருந்தார், உடம்பில் என்ன தழும்பு, முன்பற்கள் எப்படி என்று கேள்வி கேள்வியாக இருக்கிறது. அவளின் மூத்தவள் நிரப்பத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டாளாம். அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கோ இந்த ஆங்கிலம் போதாது.

"அவளைத்தான் வரச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள் சித்தி. "நல்லா எழுதுவாள் எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியுந்தானே."

கேலியாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ அங்கே போகவேண்டும். நான் கூட வரமாட்டேன். அம்மாவையும் அனுப்பமாட்டேன். கதவைத் திறந்து அவள் என்ன சொன்னாலும் நின்று கேள். திட்டினால் வாங்கு. பிறகு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் அவளிடம் கேள். அவள் யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறு. அவள் சொன்னதை எழுது. அழகுபடுத்தாதே. ஒரு சொல் கூட்டாதே. தெரியாது என்று அவள் சொன்னால், தெரியாது என்றே எழுது. கடைசிப் பக்கத்தின் அடியில், படிவத்தை நிரப்புகிறவருக்கும் காணாமல் போனவருக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் சித்தியிடம் கேட்காமல் நீயே எழுது. எழுதிக் கையெழுத்தையும் போட்டுவிட்டு விமானம் ஏறு.

அப்பா